கியரில்லாத வண்டியில் கோத்தகிரிக்கு

"கியர் இல்லாத வண்டியிலே மலை ஏறுறதா? நீங்க போயிட்டு வாங்க அம்மிணி. நான் பஸ்ஸிலேயே வந்துக்கறேன்."

என் அப்பா இப்படித்தான் ஆரம்பித்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். கோத்தகிரியிலிருந்து கேரட்டும் முட்டைக்கோஸும், ஊட்டியிலிருந்து உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியவர். இப்போது வயது 77. மலைப்பாதையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகிறது. கோவைக்குள் காய்கறி மார்க்கெட், பையனின் ஸ்கூல், கோயில் என்று எல்லா இடத்துக்கும் நானே ஓட்டிப் பழகியிருந்தேன். மலைக்கு மட்டும் போனதில்லை. கோத்தகிரியில் இருக்கும் என் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம். அவளைக் கோவையில் இருக்கும் புருஷன் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "நம்ம வண்டியிலேயே போய் அழைச்சிட்டு வந்துடலாமே" என்றார் என் வீட்டுக்காரர். மே மாதக் கடைசி. இ-பாஸ் எடுத்தோம். (2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இது வந்தது.) தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொண்டோம். அங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

புறப்படும்போது பேட்டரியில் 95 சதவீதம் காட்டியது. எங்கள் வண்டியின் பேட்டரி 40 யூனிட் பிடிக்கும். நம் வீட்டு மீட்டரில் ஓடுகிறதே, அதே யூனிட்தான். சமவெளியில் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் வரை போகும். மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர். அங்கே போய் அப்பாவை ஏற்றும்போது 82 இருந்தது.

எப்படியோ சமாதானம் செய்து அப்பாவை முன் ஸீட்டில் உட்கார வைத்தேன். ஸீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டவர், கை தன்னாலேயே கியர் ராடைத் தேடியது. அங்கே ஒரு சின்னக் குமிழ்தான் இருந்தது. முன்னால் போக 'டி', பின்னால் வர 'ஆர்', நிறுத்த 'பி'. அவ்வளவுதான்.

"இதென்ன, மிக்ஸி சுவிட்ச் மாதிரி இருக்குது?" என்றார்.

ஏறும்போது

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். இந்தச் சின்ன தூரத்துக்குள் ஏறக்குறைய 5,000 அடி ஏறிவிடுகிறோம். பவானி ஆற்றைத் தாண்டி, பாக்குத் தோப்புகளை விட்டு, குஞ்சப்பனையை நெருங்கும்போதே காற்று மாறிவிடுகிறது. அங்கே ரோட்டோரம் பலா மரங்கள். பழம் பழுக்கும் காலத்தில் யானைகள் வாசனை பிடித்து வந்துவிடும். "இந்த இடத்திலே ஹாரன் அடிக்காதே, இறங்காதே, போட்டோ எடுக்காதே" என்று அப்பா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

மலை ஏற்றத்தில் எங்கள் வண்டி திணறவேயில்லை. கொண்டை ஊசி வளைவில் பெட்ரோல் வண்டிகள் முனகி, கியர் மாற்றி, பின்னால் கொஞ்சம் சரிந்து ஏறும். இதில் மிதித்தால் ஏறுகிறது, அவ்வளவே. அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. சத்தம் இல்லாததால் வேகம் தெரிவதில்லை. 30-ல் போகிறோம் என்று நினைத்தால் முள் 50-ஐக் காட்டுகிறது. லாரியில் போகும்போது எஞ்சின் சத்தமே அப்பாவுக்கு எல்லாம் சொல்லிவிடுமாம். "இதிலே காது சும்மா இருக்குது. கண்ணு ரெண்டு வேலை பார்க்கோணும்" என்றார்.

எதிரே இறங்கி வந்த ஒரு வேன் குறுகலான இடத்தில் ஒதுங்கி நின்று எங்களுக்கு வழிவிட்டது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இது நம் நாட்டுச் சாலை விதியிலேயே இருக்கிறது. இறங்குகிறவர்கள் நின்று வழிவிட வேண்டும்.

கோத்தகிரி போய்ச் சேரும்போது பேட்டரியில் 50 சதவீதம். அதாவது 35 கிலோமீட்டர் சமவெளிக்கு 13 சதவீதம் செலவழித்த வண்டி, 33 கிலோமீட்டர் மலைக்கு 32 சதவீதம் எடுத்துக்கொண்டது. ஆகவே மலை ஏறுகிறவர்கள் ஊரில் போடும் கணக்கை அங்கே போடக் கூடாது. இரண்டரை மடங்கு வைத்துக்கொள்வது நல்லது.

அக்கா வீட்டுச் சந்துக்குள் நுழையும்போது ஒரு காரியம் நடந்தது. தலையில் விறகுக் கட்டோடு ஒரு பாட்டியம்மா நடுப்பாதையில் போய்க்கொண்டிருந்தார். நான் மெதுவாகப் பின்னால் போனேன். அவருக்குத் தெரியவேயில்லை. திடீரென்று பக்கவாட்டில் திரும்பினாரே பார்க்கலாம்! பிரேக்கை மிதித்தேன். இரண்டடி இடைவெளிதான். அந்த அம்மா வெலவெலத்துப் போய், "சத்தமே இல்லாமே வர்றீங்களே தாயி" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மெதுவாகப் போகும்போதுதான் இந்த வண்டிகள் சுத்தமாகச் சத்தம் இல்லாமல் போகும். வேகம் கூடினால் டயர் சத்தமாவது கேட்கும். அதனால்தான் ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புது மாடல் மின்சாரக் கார்கள் 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஒரு செயற்கைச் சத்தம் எழுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் சந்துகளில் தவழும் குழந்தையும், காது மந்தமான பெரியவர்களும், கோழியும் நாயும் இருக்கிறார்கள். வண்டியை எடுக்கும் முன் ஒரு தடவை இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். சந்தில் யாராவது முன்னால் போனால் தூரத்திலேயே ஒரு சின்ன ஹாரன்.

குடம் நிறையாமல் தூங்காதவள்

ராத்திரி சாப்பாடு ஆனதும் வண்டிக்கு சார்ஜ் போடும் பேச்சு வந்தது. அக்காவின் வீட்டுக்காரர், கல்யாண சீரியல் பல்புக்கு வைத்திருந்த நீள ஒயர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார் சார்ஜ் ஏறும்போது மணிக்கு மூன்று யூனிட் வீதம் இழுக்கும். கீசர் போட்ட மாதிரி. கீசரையாவது அரை மணியில் அணைத்துவிடுகிறோம். இது ராத்திரி பூராவும் ஓடும். மெல்லிய ஒயர் சூடாகி உருகிவிடும். நல்ல எர்த் உள்ள 15 ஆம்பியர் பாயின்ட்டில் நேராகத்தான் செருக வேண்டும். வண்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், கீசருக்காகப் போட்டிருந்த பாயின்ட்டில் செருகினோம். அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுதான். கை வைக்க முடியாத சூடு இருந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

இதெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தப்பு செய்தேன்.

"80 வந்ததும் நிறுத்திடலாமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"எதுக்கு நிறுத்தறீங்க? கைக்குழந்தையை வெச்சுக்கிட்டுப் போறோம். முழுசா ஏறட்டும்" என்றேன்.

நம் பெண்களின் சுபாவமே இதுதானே! தண்ணீர் வரும் நாளில் அண்டா, குண்டா, சொம்பு வரைக்கும் நிரப்பி வைத்தால்தான் தூக்கம் வரும். காலையில் எழுந்து பார்த்தேன், 100 சதவீதம். மனசுக்கு அவ்வளவு திருப்தி.

இறங்கும்போது

குழந்தைக்கான தனி இருக்கையைப் பின் ஸீட்டில், குழந்தையின் முகம் பின்பக்கம் பார்க்கும்படி கட்டினோம். பக்கத்தில் அக்கா மகள், அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். முன்னால் அப்பா. காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

இந்த வண்டியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வேகம் தானாகக் குறையும். ரீஜென் என்று சொல்கிறார்கள். அந்தக் கால சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். டயரோடு டைனமோவைச் சேர்த்துவிட்டால் விளக்கு எரியும், ஆனால் மிதிக்கக் கனமாக இருக்கும். அதேதான் இங்கேயும். காலை எடுத்ததும் மோட்டாரே டைனமோவாகி, மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்தக் கனத்தில் வண்டி மெதுவாகிறது. ஊருக்குள் நான் பிரேக்கைத் தொடுவதே அபூர்வம்.

அன்று கோத்தகிரி டவுனை விட்டு இறக்கம் தொடங்கியதும் காலை எடுத்தேன். வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போவது போல வேகம் கூடியது. முன்னால் இருக்கும் திரையில் ஏதோ மஞ்சள் எழுத்து வந்து போனது. பிரேக்கை மிதித்தேன். பிடித்தது. விட்டேன். மறுபடி வேகம். பயத்தில் காலைப் பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு, தேய்த்துத் தேய்த்து இறங்கினேன். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் பாறை. பின்னால் குழந்தை தூங்குகிறது. உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி மூக்கை வெளியே நீட்டினார்.

"அம்மிணி, பிரேக் கருகுற வாசனை வருது. பதறாதே. அந்த வளைவு தாண்டி இடம் அகலமா இருக்குது. அங்கே ஓரங்கட்டு."

நிறுத்தினேன். 'பி' போட்டு, ஹேண்ட் பிரேக்கும் போட்டேன். அப்பா இறங்கி, ஒரு கல்லை எடுத்து முன் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். வீல் பக்கம் கை வைக்க முடியவில்லை, அனல் அடித்தது. என் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார். "காய்ஞ்ச தோசைக்கல்லு மேலே பச்சைத் தண்ணி ஊத்துவீங்களா மாப்பிள்ளை? தானா ஆறட்டும்" என்றார் அப்பா.

அந்த அரை மணி நேரத்தில் வண்டியோடு வந்த புத்தகத்தை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தோம். விஷயம் இதுதான். பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தால் புதிதாக வரும் மின்சாரத்தைப் போட்டு வைக்க இடம் இல்லை. வழிய வழிய நிறைந்த குடத்தில் இன்னும் தண்ணீர் பிடிக்க முடியுமா? ஆகவே வண்டி ரீஜென்னைக் குறைத்துவிடும், அல்லது நிறுத்திவிடும். பல மின்சார வண்டிகளிலும் இப்படித்தான். அப்போது முழுப் பாரமும் சாதாரண பிரேக் மேல் விழுகிறது. பேட்டரியினால் இந்த வண்டிகள் அதே அளவு பெட்ரோல் வண்டியைவிடக் கனம் அதிகம் வேறு. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் சூடாகி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போய்விடும்.

அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்க குருநாதர் முதல் நாளே எனக்குச் சொன்னது ஒண்ணுதான். எந்தக் கியர்லே ஏறினயோ அந்தக் கியர்லேயே இறங்கு. பிரேக்கை நம்பி மலை இறங்காதே, எஞ்சினைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு. உன்ற வண்டிக்குக் கியர் இல்லேன்னு நெனச்சேன். இருக்குது. பேட்டரியிலே இருக்கற காலி இடம்தான் உன்ற கியர். அதைத்தான் ராத்திரி பூரா நீ அடைச்சு வெச்சுட்டே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சார்ஜைச் செலவழிக்க ஓர் உல்லாசப் பயணம்

இனி என்ன செய்வது? இறக்கத்தில் சார்ஜ் செலவே ஆகாது. மேலே போய்ச் செலவழித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். "கோடநாடு போயிட்டு வந்துடலாம்" என்றாள் அக்கா மகள். பிரேக் நன்றாக ஆறிய பிறகு, அண்டை கொடுத்த கல்லை அப்பா மறக்காமல் எடுத்து ஓரமாகப் போட்டார். ரோட்டில் விட்டுப்போன கல் பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரனைக் கொல்லும் என்பார். வண்டியைத் திருப்பினோம்.

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனை சுமார் 18 கிலோமீட்டர். வழி நெடுக இரு பக்கமும் தேயிலைத் தோட்டம். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊட்டியின் கூட்டமும் கடைத் தெருவும் இங்கே கிடையாது. காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கு, எதிரே ரங்கசாமி மலை, தூரத்தில் பவானிசாகர் அணைத் தண்ணீர் தகடு போல மின்னியது. கண்கொள்ளாக் காட்சி! பாப்பா கண் விழித்து, காற்றில் கை நீட்டி விளையாடினாள். இத்தனை வருஷம் கோத்தகிரிக்கு லாரி ஓட்டியும் அப்பா இங்கே வந்ததே இல்லையாம். "லோடு வண்டிக்காரனுக்கு வேடிக்கை பார்க்க ஏது நேரம்?" என்றார்.

திரும்பும் வழியில் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் பங்களாவையும் பார்த்தோம். கோவை கலெக்டராக இருந்த சல்லிவன் 1819-ல் மலை ஏறி வந்து தங்கிய பகுதி இது. இப்போது நினைவகமாக வைத்திருக்கிறார்கள். அவர் ஏறி வந்த காலத்தில் இந்த ரோடும் இல்லை, பிரேக்கும் இல்லை!

கோத்தகிரிக்குத் திரும்பி வந்தபோது பேட்டரி 81 காட்டியது. மறுபடி அதே இறக்கம். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ரீஜென்னைக் கூடுதலாக வைத்துக் காலை எடுத்தேன். பழைய சிநேகிதி கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி வண்டி பிடித்து நின்றது. பிரேக் தேவைப்பட்ட இடங்களில் அப்பா சொன்னபடி செய்தேன். "தேய்க்காதே. அழுத்திப் பிடி, வேகம் குறைஞ்சதும் விட்டுடு. வளைவுக்கு முன்னாடியே குறை, வளைவுக்குள்ளே வேண்டாம்." அரவேணு, குஞ்சப்பனை எல்லாம் தாண்டி மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது பேட்டரியில் 87! இறங்கி வந்த வழியில் 6 சதவீதம் சம்பாதித்திருந்தோம். குழந்தை வாந்தி எடுக்கவில்லை. பெட்ரோல் வாசனை இல்லாததும், திடீர் திடீரென்று நிறுத்தாமல் வந்ததும் காரணமாக இருக்கலாம்.

நான் கற்றுக்கொண்டது

மின்சாரக் கார் வைத்திருக்கும், வாங்கப் போகும் சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. மலை மேலே தங்கினால் சார்ஜை முழுசாக ஏற்றாதீர்கள். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

2. இறக்கத்தில் ஒருநாளும் நியூட்ரலில் போடாதீர்கள். நியூட்ரலில் ரீஜென் வேலை செய்யாது.

3. ரீஜென் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும், அவசரத்துக்குப் பிரேக்தான். கால் அதை மறந்துவிடக் கூடாது.

4. வண்டி நின்றாலும் 'ரெடி' விளக்கு எரிந்தால் அது ஓடத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் இல்லையே என்று இறங்கிவிடாதீர்கள். 'பி' போட்டு, அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகே இறங்குங்கள். குழந்தைகளை உள்ளே தனியே விடவே கூடாது.

5. வீட்டில் சார்ஜ் போட லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு தனி லைன் இழுத்து, எர்த்தும், ஷாக் அடித்தால் தானே அணையும் ஈ.எல்.சி.பி.யும் வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும் ஒயர்களை யாரும் தொடக் கூடாது. அதில் ஓடுவது அதிக வோல்டேஜ்.

6. வண்டியோடு வரும் புத்தகத்தை, பிரஷர் குக்கர் வாங்கியதும் படித்தோமே, அப்படி ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் நடுரோட்டில் படித்தேன். நீங்கள் வீட்டிலேயே படியுங்கள்.

அப்பாவை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டோம். அன்றிலிருந்து எப்போது போன் செய்தாலும், வண்டியில் எங்காவது கிளம்புகிறேன் என்றால் அவர் கேட்பது ஒரே கேள்வி. மற்றவர்கள் எல்லோரும் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள்.

அப்பா மட்டும், "இடம் எவ்வளவு வெச்சிருக்கறே அம்மிணி?" என்பார்.